கேட்பவர்களின் சத்தம்

பேசிக்கொண்டிருக்கும்போது குரல் அடைத்துக்கொண்டால் யாரும் முதலில் தொண்டையைச் செருமத்தான் பார்ப்பார்கள். குரல்வளையையே இழந்தவர்களும் அப்படித்தான் செய்யப் பார்ப்பார்கள் என்பது மிதுனாவுக்கு அந்த வாரம்தான் தெரிந்தது.

ஈரோட்டில் கட்சிக்காரரோடு பேசிக்கொண்டிருந்த ஒரு வக்கீல், சத்தியமங்கலத்தில் பூ ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஒருவர், அவிநாசியில் டியூஷன் நடத்திக்கொண்டிருந்த ஓர் ஆசிரியை. ஒரு மாலை நேரத்தில் மூவர் கைகளும் ஒரே கணத்தில் கழுத்துக்குப் போயின. அங்கே கட்டியிருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. கொங்கு மண்டலம் முழுக்கப் பட்டை கட்டியிருந்த அத்தனை பேரும் ஒரு டம்ளர் டீ ஆறும் நேரம் பேச்சில்லாமல் நின்றார்கள். பிறகு கோயம்புத்தூரில் ஒரு சர்வர் தன்னைத்தானே எழுப்பிக்கொண்டது, எல்லாருக்கும் குரல் திரும்பியது. மறுநாள் மாலை மறுபடியும் அதே கதை.

அந்தச் சர்வருக்குப் பொறுப்பானவள் மிதுனா. ‘குரல்வாசல்’ என்பது ஓர் அறக்கட்டளை நடத்தும் சேவை. புற்றுநோயாலோ விபத்தாலோ குரல்வளையை இழந்தவர்களின் கழுத்தில் மெல்லிய பட்டை ஒன்றைக் கட்டுவார்கள். பேச நினைக்கும்போது நாக்குக்கும் தொண்டைக்கும் மூளை அனுப்பும் நரம்புச் சைகையைப் பட்டை பிடித்துக்கொள்ளும். சைகை கைப்பேசி வழியாகச் சர்வருக்குப் போகும். அந்த மனிதர் நல்ல குரலோடு இருந்தபோது பதிவான பேச்சுகளிலிருந்து செய்த ‘குரல் அச்சு’ அங்கே இருக்கும். சைகையை அந்த அச்சில் வார்த்து, அவருடைய சொந்தக் குரலாகவே பட்டைக்குத் திருப்பி அனுப்பும். இதெல்லாம் எதிரில் நிற்பவர் தாமதத்தை உணர்வதற்குள் நடந்துவிடும். வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடம் ஆகியும் மிதுனாவுக்கு இந்த ஏற்பாட்டின்மேல் இருந்த வியப்பு குறையவில்லை. யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போதும், முழுதாக விளக்கிவிட்டுத்தான் விடுவாள்.

இப்போது அவள் விளக்கவேண்டிய இடத்தில் இருந்தாள். சர்வரின் அடிப்படை மென்பொருளான ஃபிரேம்வொர்க்கைப் புதியதற்கு மாற்றவேண்டும் என்று வாதாடி வாங்கியவளே அவள்தான். மாற்றிய நாளிலிருந்துதான் சர்வர் விழுகிறது.

“பழசுக்கே திரும்பிடலாமா?” என்று கேட்டார் நிர்வாகி ஷர்மிளா பானு. கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் மிதுனாவை அதிகமாக உறுத்தியது.

திரும்ப முடியாது என்பது பானுவுக்கும் தெரியும். பழைய ஃபிரேம்வொர்க்கில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியே யாரோ புகுந்து பல்லடத்துக்காரர் ஒருவரின் குரல் அச்சைத் திருடி, அவர் பேசுவதுபோலவே அவர் மகளிடம் பேசி, கல்லூரியிலிருந்து வெளியே வரச் சொல்லிவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண் தற்செயலாக அப்பாவையே நேரில் பார்த்துவிட்டதால் தப்பித்தாள். அதற்குப் பிறகுதான் இந்த மாற்றம். பழசுக்குப் போனால் குரல் திருடு போகும். புதுசிலேயே இருந்தால் குரல் நின்று போகும்.

“புதன்கிழமை கமிட்டி கூடுது மிதுனா. அதுக்குள்ள காரணம் தெரியலைன்னா, சரியாகிற வரைக்கும் சேவையை நிறுத்தி வைக்கிறதுன்னு முடிவு எடுத்துடுவாங்க.”

நிறுத்தி வைப்பது என்றால் எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது. பட்டை கட்டிய அத்தனை பேரும் அதுவரை கையில் பலகையும் எழுதுகோலுமாக அலையவேண்டும்.

மிதுனாவும் அவளோடு வேலை செய்யும் ஜெயசீலனும் தேடாத இடமில்லை. சர்வர் விழும் நேரத்தில் கூட்டம் அதிகமாக இருந்ததா என்றால் இல்லை. ஜனங்கள் அதிகம் பேசும் காலை நேரத்தில் அது கல்லு மாதிரி நின்றது. மாலையில், பேச்சு குறைந்து, சர்வர் கிட்டத்தட்ட சும்மா இருக்கும்போது நினைவகம் மட்டும் மெல்ல மெல்ல நிரம்பி, கடைசியில் மூச்சுமுட்டி விழுந்தது. ஜெயசீலன் நாகர்கோவில்காரன். எதையும் முதலில் சந்தேகப்படுவான். யாரோ வெளியிலிருந்து வேண்டுமென்றே தாக்குகிறார்கள் என்றான். தாக்குவதற்கான தடயம் ஒன்றுகூடச் சர்வரின் பதிவேட்டில் இல்லை என்று அவனே இரண்டு நாள் கழித்து ஒப்புக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்தில் ஒரு மண்டபத்தில் பட்டை கட்டியவர்களின் மாதக்கூட்டம். யாராவது போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். மிதுனா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. எல்லாரும் சேர்ந்து பேசினார்கள். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற சென்னியப்பன் என்பவர் அவளை மேடைக்குக் கூட்டிப்போனார். கடைசி சீட்டுவரை கேட்கும் கண்டக்டர் குரல். யாரோ ஒரு பயணி எப்போதோ எடுத்த வீடியோவிலிருந்து செய்த அச்சு அது. “உள்ள போங்க, உள்ள போங்க, படியில நின்னா எப்படி” என்று நாற்காலிகளுக்கு நடுவே நின்றவர்களை அவர் ஒதுக்கியபோது மண்டபமே சிரித்தது. அவருடைய மனைவி சாந்தாமணி முன்வரிசையில் இருந்தாள். சர்க்கரை நோய் முற்றிப் பார்வை போனவள். கணவனின் குரல் எங்கே நகர்கிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

மிதுனா மன்னிப்புக் கேட்டுவிட்டு, நடப்பது என்ன என்று விளக்க ஆரம்பித்தாள்.

“ஃபிரேம்வொர்க்குன்னா என்னன்னு சொல்லிடறேன். ஒரு மெஸ் நடத்தறோம்னு வச்சுக்கங்க. சமையல் நம்மளது. ஆனா வர்றவங்கள எங்க உக்கார வைக்கறது, யாரு இலை போடறது, யாரு பரிமாறது, சாப்பிட்டு முடிச்சா யாரு இலை எடுக்கறது, இந்த ஏற்பாடெல்லாம் நாம யோசிக்கலை. வேற ஒருத்தரு பலநாள் யோசிச்சு செஞ்சு வச்ச முறைய அப்படியே எடுத்துக்கிட்டோம். அந்த முறைதான் ஃபிரேம்வொர்க்.”

“ம்” என்றது மண்டபம்.

“பழைய முறையில உங்க குரல் அச்ச காலையில எடுத்து மேசை மேல வச்சா, நாளெல்லாம் அங்கயே கெடக்கும். அதனாலதான் திருடு போச்சு. புது முறையில அச்சு பெட்டகத்துல பூட்டி இருக்கும். நீங்க வாயெடுக்கறப்ப ஒரு வேலையாள் போயி எடுத்துட்டு வருவாரு. நீங்க முடிச்சதும் திருப்பிக் கொண்டுபோயி வச்சுடுவாரு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இதே மாதிரி.”

“ம்... ம்.”

இப்படி ஒரு கூட்டம் அவளுக்கு வாய்த்ததே இல்லை. அலுவலகத்தில் அவள் விளக்க ஆரம்பித்தால் ஆளாளுக்குக் கைப்பேசியை எடுப்பார்கள். இங்கே அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆண்குரலும் பெண்குரலுமாக ஒரு ‘ம்’ எழுந்து அவளை அடுத்த வாக்கியத்துக்குத் தள்ளிவிட்டது. அவளுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. வேலையாட்கள் எப்படி முறை வைத்து நிற்கிறார்கள், பெட்டகத்தின் சாவி எப்படி ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்று நினைத்ததைவிட நிறையவே சொல்லிக்கொண்டு போனாள்.

திடீரென்று கிணற்றுக்குள் பேசுவதுபோல இருந்தது. பேச்சு தடுமாறியது. என்ன தப்பாகச் சொன்னோம் என்று நிமிர்ந்து பார்த்தாள். அதே முகங்கள், அதே கவனம், தலைகள்கூட ஆடிக்கொண்டிருந்தன. ஆனால் மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. சென்னியப்பன் கையை உயர்த்திக் கழுத்துப்பட்டையைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். மடிக்கணினியில் சிவப்பு எழுத்து ஓடியது. சர்வர் விழுந்திருந்தது.

அவள் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெட்கத்தில் அல்ல. நினைவகம் ஏற ஆரம்பித்த நேரமும் அவள் பேச ஆரம்பித்த நேரமும் ஒன்றாக இருந்தன. அதுவரை எல்லாரும் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தபோது திரையில் நினைவகத்தின் கோடு அசையவே இல்லை. அவர்கள் பேசுவதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தபிறகுதான் ஏறியிருக்கிறது.

ஜெயசீலனைத் தொலைபேசியில் பிடித்தாள். “ஜெயா, பேசறவங்கள விடு. கேக்கறவங்க என்ன அனுப்பறாங்கன்னு பாரு.”

“கேக்கறவங்க என்னத்த அனுப்புவாங்க? கேப்பாங்க, அவ்வளவுதான.”

“ம்னு சொல்லுவாங்கள்ல.”

மறுமுனையில் அவன் “ம்” என்றான். தான் சொன்னது தன் காதில் விழுந்து, “அய்யோ” என்றான்.

மறுநாள் இருவரும் கேன்டீனில் உட்கார்ந்து அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவர் வாக்கியத்தை முடித்துவிட்டார் என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? பேச்சு முடிந்ததும் நாக்கு தன் இடத்துக்குத் திரும்பும். பட்டை அதைக் கண்டுகொண்டு ‘முடிந்தது’ என்று ஒரு குறி அனுப்பும். வேலையாள் அச்சைத் திருப்பி வைக்கப் போவான். ஆனால் ‘ம்’ சொல்லும்போது வாய் மூடியே இருக்கிறது. நாக்கு கிளம்பவே இல்லை, எனவே திரும்புவதும் இல்லை. பட்டை ‘தொடங்கிற்று’ என்று சொல்லும். ‘முடிந்தது’ என்று சொல்லாது.

“அப்ப பழசுல ஏன் விழலை?” என்றான் ஜெயசீலன்.

“பழசுக்குப் பொறுமை கம்மி. கொஞ்ச நேரம் பாக்கும், சத்தம் இல்லைன்னா தானே மூடிட்டுப் போயிடும். அத நாம எழுதல, அந்த ஃபிரேம்வொர்க்லயே அப்படி இருந்துச்சு. புதுசு மரியாதையானது. முடிஞ்சதுன்னு நீங்க சொல்ற வரைக்கும் காத்திருக்கும்.”

ஆக, யாரோ ஓர் அம்மாவின் கதைக்கு ஒருவர் ‘ம்’ சொல்லியிருப்பார். அந்த ஒரு ‘ம்’முக்காக ஒரு வேலையாள் அவருடைய குரல் அச்சைக் கையில் ஏந்திக்கொண்டு, மீதி வாக்கியம் வரும் வரும் என்று அப்படியே நின்றிருக்கிறான். அடுத்த ‘ம்’முக்கு இன்னொருவன். மாலையில் வீடுவீடாக ஜனங்கள் உட்கார்ந்து அன்றைய கதையைப் பேச, பட்டை கட்டியவர்கள் உம் கொட்டக் கொட்ட, நிற்க இடமில்லாமல் வேலையாட்கள் நிறைந்து, சர்வர் விழுந்திருக்கிறது.

சோதனையில் இது ஏன் அகப்படவில்லை என்பதற்கும் காரணம் இருந்தது. சோதனைக்கு வந்தவர்களை ஓர் அறையில் தனியாக உட்காரவைத்து நாளிதழைப் படிக்கச் சொன்னார்கள். நாளிதழுக்கு யாரும் ‘ம்’ சொல்வதில்லை. இந்த ஊரில் எதிரில் ஆள் பேசினால் உம் கொட்டாமல் ஒருவராலும் இருக்கமுடியாது என்பது டீமில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அது பேச்சில் சேர்த்தி என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. புது ஃபிரேம்வொர்க் முடிவில்லாமல் காத்திருக்கும் என்று அதன் குறிப்பிலேயே இருந்தது. மிதுனா அதைப் படித்திருந்தாள். வாக்கியத்தை முடிக்காமல் யார் விடப்போகிறார்கள் என்று தாண்டிப் போயிருந்தாள்.

“பழசு மாதிரியே பொறுமையக் கொறச்சிட்டா தீர்ந்தது” என்றான் ஜெயசீலன்.

அதிலும் சிக்கல் இருந்தது. புது ஃபிரேம்வொர்க்கில் பொறுமை எல்லாருக்கும் ஒன்றுதான், ஆளுக்கொன்று வைக்கமுடியாது. அவிநாசி ஆசிரியை திக்கித் திக்கிப் பேசுபவர். பழைய ஏற்பாட்டில் அவருடைய வாக்கியங்கள் பாதியில் அறுந்துகொண்டே இருந்தன. மாற்றிய மறுநாள், பிள்ளைகளுக்கு ஒரு பாடத்தை முழுதாக நடத்த முடிந்தது என்று அவர் எழுதியிருந்தார். அவருக்காகவாவது சர்வர் காத்திருக்கத்தான் வேண்டும்.

கடைசியில் ஜெயசீலன் எளிய வழி ஒன்றைச் சொன்னான். நாக்கு அசையாத சைகை எதுவானாலும் இரைச்சல் என்று வாசலிலேயே தள்ளிவிடுவது. செவ்வாய்க்கிழமை அந்த வடிகட்டியைப் போட்டார்கள். அன்று மாலை நினைவகத்தின் கோடு ஏரித்தண்ணீர் போலக் கிடந்தது. புதன்கிழமை கமிட்டி கைதட்டியது. பானு டீம் முழுவதற்கும் பிரியாணி வரவழைத்தார்.

அடுத்த வாரம் முழுக்கச் சர்வர் ஒரு முறைகூட விழவில்லை. அந்த வாரக் கடைசியில் சாந்தாமணியும் சென்னியப்பனும் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள்.

சென்னியப்பன் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். பேசியது அவள்தான்.

“அம்மிணி, எங்கூட்டுக்காரரு பேசறதெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. அதுல கொறை சொல்ல முடியாது. ஆனா நான் பேசறப்ப இவரு இருக்கறாரா இல்லியான்னே தெரீலீங்க.”

அவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே அன்றைக்குக் காதில் விழுந்ததையெல்லாம் அவள் சொல்வாள். குடியிருப்பில் மோட்டார் ரூம் சாவியை மூன்றாம் வீட்டு லோகநாயகி தன் இடுப்பிலேயே சொருகிக்கொண்டு திரிகிற விவகாரம் மட்டும் மாசக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உம் கொட்டுவார். தலையாட்டினால் அவளுக்குத் தெரியாது. அந்த ‘ம்’ஐப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒவ்வொரு படியாக இறங்குவாள். வடிகட்டி போட்ட நாளிலிருந்து அது இல்லை.

“கேக்கறேன்னு வாய்விட்டுச் சொன்னா ஆகாதுங்களா?” என்று மிதுனா தயங்கிக்கொண்டே கேட்டாள்.

“சொல்றாருங்க. நான் மூச்சு வாங்குற எடத்துலயெல்லாம் கேக்கறேன், கேக்கறேன்னு கண்டக்டர் கொரல்ல கத்தறாரு. அடுத்த ஸ்டாப்பிங் வந்துருச்சாக்கும்னு நானே எந்திரிச்சுருவேன் போல இருக்குது.” சென்னியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாந்தாமணி சிரிக்கவில்லை. “அதுவுமில்லாம அம்மிணி, கேக்கறேன் கேக்கறேன்னு சொல்றவங்க கேக்கறதில்லீங்க. மூணு நாளா நான் பேசறதையே உட்டுட்டேன்.”

அப்போதுதான் சென்னியப்பன் வாயைத் திறந்தார். அந்தப் பெரிய குரலை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கினார். “இவ பேசாத வூட்டுல நான் பேசி என்னங்க பண்றது.”

அவர்கள் போனபிறகு மிதுனா, மண்டபத்தில் தன் பேச்சு தடுமாறிய அந்தக் கணத்தை நினைத்துக்கொண்டாள். ஒரு முறை அந்தச் சத்தம் நின்றதற்கே தனக்குக் கிணற்றுக்குள் விழுந்ததுபோல இருந்தது. தாங்கள் தள்ளிவிட்டது இரைச்சலே அல்ல. பட்டை கட்டிய எல்லாருக்கும் பேச்சைக் கொடுத்துவிட்டு, கேட்பதைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

வடிகட்டியை எடுத்தால் சர்வர் விழும். எடுக்காவிட்டால் இது. சர்வருக்குள் ‘ம்’முக்கு இடம் தேடிக்கொண்டே இருந்தவளுக்கு, அது சர்வருக்கு வரவேண்டிய அவசியம் என்ன என்று மறுநாள் காலை குளிக்கும்போது தோன்றியது. வாக்கியத்துக்குத்தான் முழு அச்சு வேண்டும். அச்சு பெட்டகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. ஆனால் ஒருவருடைய ‘ம்’ஐ மட்டும் திருடி எந்த மகளையும் கல்லூரியிலிருந்து வரவழைக்க முடியாது. அதைப் பட்டைக்குள்ளேயே வைத்துவிடலாம். நாக்கு அசையாமல் தொண்டை மட்டும் துடித்தால் பட்டை தானே ஒலிக்கட்டும்.

அலுவலகத்துக்குப் போனதும் ஜெயசீலனிடம் சொன்னாள். “அப்ப சர்வர் செத்தாலும் ம் மட்டும் வரும்” என்றான். அவன் வாயிலிருந்து வந்த மிகப்பெரிய பாராட்டு அது.

வேலையில் இறங்கியதும் புதிதாக ஒரு தடை வந்தது. ஒருவருடைய அச்சிலும் ‘ம்’ இல்லை. குரல் அச்சு செய்தபோது பதிவுகளைச் சுத்தம் செய்தார்கள். அந்தச் சுத்தத்தில் போனதெல்லாம் இதுதான். எஞ்சியது முழுக்க அவர்கள் பேசிய பேச்சு. இதுவரை சர்வர் கொடுத்துவந்த ‘ம்’ கூட மற்ற ஒலிகளை வைத்து அது ஊகித்துச் செய்தது. எனவே குடும்பங்களுக்குச் செய்தி போயிற்று. உங்கள் வீட்டில் பட்டை கட்டியவர் பழைய நாளில் பேசாமல் இருக்கும் பதிவு ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், பக்கத்தில் வேறு யாராவது பேசிக்கொண்டிருக்கவேண்டும்.

வந்து குவிந்தது. கல்யாண வீடியோவில் யாரோ ஒரு சித்தப்பா அறிவுரை சொல்லச் சொல்ல மணவறையில் உட்கார்ந்து உம் கொட்டும் பூ ஏலக்காரர். மாமியாரிடம் சமையல் குறிப்பு கேட்கும் ஆசிரியை. அவருக்கு ‘ம்’ சொல்லும்போது மட்டும் திக்கவே இல்லை. மிதுனாவும் ஜெயசீலனும் நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு, ஊரார் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பதைக் கேட்டார்கள். சரி என்று ஒரு ‘ம்’ இருந்தது, அப்புறம் என்று ஒன்று, நம்பமாட்டேன் என்று ஒன்று. பாவம் என்று இழுப்பதும் இருந்தது. தொண்டைத் துடிப்பின் நீளத்தையும் அழுத்தத்தையும் வைத்துப் பட்டையால் அவற்றைப் பிரிக்க முடிந்தது. இத்தனை நாள் எந்திரத்தின் நுட்பத்தை வியந்துகொண்டிருந்த மிதுனாவுக்கு, வாயைத் திறக்காமலேயே மனிதர்கள் இவ்வளவு சொல்லிக்கொள்கிறார்களே என்று இப்போது வியப்பாக இருந்தது.

சென்னியப்பனின் ‘ம்’ சாந்தாமணியின் கைப்பேசியிலிருந்து கிடைத்தது. அவர் டூட்டி இடைவேளையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிட்ட அழைப்புகள் அதில் தானாகப் பதிவாகியிருந்தன. எல்லாவற்றிலும் அவள்தான் பேசினாள். பின்னால் பஸ்களின் ஹாரன், முறுக்கு விற்பவரின் கூவல், அவற்றுக்கு நடுவே நிதானமாக, சற்றே தாமதமாக, அடிவயிற்றிலிருந்து ஒரு ‘ம்’. ஊரையே ஒதுங்கச் சொன்ன குரலில் அப்படி ஒரு மெத்தென்ற ஒலி இருக்கும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

புதிய பட்டையைக் கட்டிவிடும்போது ஜெயசீலன் ஒன்று கேட்டான். வேண்டுமானால் எதிரில் பேசுபவர் நிறுத்தும் இடம் பார்த்துப் பட்டை தானாகவே ‘ம்’ சொல்லும்படி செய்யலாம், நீங்கள் மெனக்கெடவே வேண்டாம், நிறையப் பேர் அதைக் கேட்கிறார்கள் என்றான். உண்மைதான். கேட்டவர்களில் வக்கீலும் ஒருவர்.

சென்னியப்பன் யோசித்தார். “வேண்டாங்க தம்பி. ஏறாத ஆளுக்கு டிக்கெட் கிழிச்ச மாதிரி ஆயிரும்.”

பானு அதைக் கேட்டுவிட்டு, அந்த வசதியை யாருக்கும் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பிறகு ஒரு மாதம் போல அமைதியாகக் கழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு மிதுனா வீட்டில் உட்கார்ந்திருந்தபோது உதவி எண்ணுக்கு வந்த அழைப்பு அவளுக்குத் திருப்பிவிடப்பட்டது. சாந்தாமணி.

“அம்மிணி, மறுக்காவும் நின்னுபோச்சுங்க. கதை பாதியில இருக்கறப்ப ம் வரலை. கேக்கறீங்களான்னு கேட்டேன், அதுக்கும் பதிலில்லீங்க.”

மிதுனா மடிக்கணினியைத் திறந்தாள். சர்வரைப் பார்த்தாள், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பட்டைகளில் புகார் வேறு எங்கும் இல்லை. சென்னியப்பனின் பட்டையைத் தேடி எடுத்தாள். அதற்குள், வேறு மாதிரியான ஒரு பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. பட்டை ஒலிக்கவில்லை என்றால் பட்டையில்தான் கோளாறு இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்? அந்த வீட்டில் கண் தெரியாத ஒருத்தி மட்டும்தான் பக்கத்தில் இருக்கிறாள்.

“அம்மா, அவரு எங்க உக்காந்திருக்காரு?”

“சேர்லதாங்க. நாந்தான் சோறு போட்டேன். ஏனுங்க? என்னாச்சுங்க?”

பட்டையின் நிலவரம் திரையில் விரிந்தது. மின்கலம் சரி, ஒலி சரி. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மூச்சின் கோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஆழமாக, சீராகப் போய்க்கொண்டிருந்தது. மிதுனா தன் மூச்சையும் மெதுவாக விட்டாள்.

“கோளாறு ஒண்ணுமில்லீங்கம்மா. அவரு தூங்கிட்டாரு.”

மறுமுனையில் சேலை சரசரப்பும், மெல்ல நடக்கும் சத்தமும் கேட்டன. தடவிக்கொண்டே போய் அவள் அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்திருக்கவேண்டும். பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

“அப்படீன்னா அம்மிணி, இத்தன நாளா முழிச்சுட்டுத்தான் கேட்டிருக்காருங்க.”

எழுப்பவேண்டாம், தூங்கட்டும் என்றாள். நைட் டூட்டியிலேயே பாதி ஆயுசு போன மனுசன் என்றாள். ஆனால் கதை சரியான இடத்தில் நின்றிருந்தது. லோகநாயகி இன்று காலை சாவியைக் கிணற்றுக்குள் தவறவிட்டுவிட்டாள், அல்லது தவறவிட்டதாகச் சொல்கிறாள். உங்களுக்கு வேலை ஏதும் இருக்கிறதா என்று சாந்தாமணி கேட்டாள். மிதுனா திரையை மூடிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

“அப்பறமுங்க, அந்த வாட்ச்மேன் பையன் என்ன பண்ணுனான், நேரா போயி...”

“ம்” என்றாள் மிதுனா.